மணல் துறையில் எத்தனை பேர்

இயற்பியலில் எந்தத் துறையில் கூட்டம் அதிகம் என்று நான் எண்ண ஆரம்பித்தது மகளுக்காக. முதுகலை முடித்திருந்தாள். முனைவர் ஆய்வுக்கு எந்தத் துறை என்று அடுத்த மாத முதல் வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிடித்தது, மணல், அரிசி போன்ற மணிகள் எப்படிக் குவிகின்றன, எப்போது சரிகின்றன என்று ஆராயும் துறை. அதில் ஆளே இல்லையென்றால் நாளைக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்பது என் கவலை. எங்கள் ஊரான செலண்டாரைச் சுற்றி ரப்பர் பால்மரத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை வைத்தபோது, மரம் சீவ மட்டுமே தெரிந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தவன் நான்.

எதையும் தேதி போட்டு எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆய்வுக் கட்டுரைகள் தினமும் வெளியாகும் இணையதளத்தைக் காலையில் திறப்பேன். தோட்டத்தில் விடியலில் வேலைக்கு முன் பெரட்டுக்கு வந்து நிற்பவர்களைத் தலை எண்ணித்தான் கணக்கெடுப்பார்கள். அதே வழக்கத்தில் கட்டுரைகளை விட்டுவிட்டு, எழுதியவர்களின் பெயர்களைத் துறைவாரியாக எண்ணினேன். மாத முடிவில் மணல் துறையும் சுமாராகத் தேறியது. மகளைப் போனில் கூப்பிட்டு, "பயப்படாதம்மா, ஆள் இருக்காங்க" என்றேன்.

புதன்கிழமை மறுபடி சரிபார்த்தேன். திரும்பத் திரும்ப அதே பெயர்கள். ஒரு பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் மாற்றி மாற்றி எழுதியவை. பெரட்டில் ஒரு தலையை ஒரு தடவைதான் எண்ணுவார்கள். இங்கே ஒரே ஆளைப் பல தடவை எண்ணியிருந்தேன். ஆளுக்கு ஒருமுறை என்று எண்ணியதும் அவள் துறை சுருங்கிப்போனது.

வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். "சும்மா நடக்குறதுக்கு, மீன் வாங்கப் பசாருக்காவது போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், மீன் வாங்காமலே திரும்பி, மகளைக் கூப்பிட்டேன்.

"நான் எண்ணினது தப்பும்மா. உன் துறையில ஆள் ரொம்பக் கம்மி."

"தெரியும்பா. மாநாட்டுப் படத்துல எல்லாரும் ஒரே வரிசையில அடங்கிடுறாங்க."

"அப்ப மாத்திடு. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

"நேத்தே அனுப்பிட்டேன். மணல்தான்."

"ஆள் இருக்குன்னு நான் சொன்னதாலயா?"

"இல்ல லா. நீங்க மழையக்கூடத் தேதி போட்டு எழுதுறீங்க. அதப் பாத்துட்டா நான் குடை எடுக்குறேன்?"

பக்கத்தில் நின்ற மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை தளத்தைத் திறந்தேன். அவள் துறையில் ஒரே ஒரு கட்டுரை, மூன்று பெயர்கள். அவர்களுக்கு எங்கே வேலை, நிரந்தரமா, தற்காலிகமா என்று ஒவ்வொருவராகத் தேட ஆரம்பித்தேன்.