பவள விழா மலரில் ஒரு பத்தி

செய்தி கேட்கப் போகிற வாசலிலேயே விளம்பரமும் கேட்டு நிற்பவன் எதற்குத்தான் உண்மையாக இருக்க முடியும்? ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெபக்குமார் இருபத்தேழு வருடம் அப்படித்தான் நின்றார்.

‘சதர்ன் லெட்ஜர்’ மதுரையில் அச்சாகும் ஆங்கில நாளிதழ். ஜெபக்குமார் போன்ற அதன் சிற்றூர் நிருபர்களுக்குச் சம்பளம் கிடையாது. பிடித்துத் தரும் விளம்பரத்தில் கமிஷன். அதனால் ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆலையைப் பற்றிய செய்தி என்றால், அனுப்பும் முன் முதலாளிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு ‘இரு தரப்பு’ என்று கௌரவமாகப் பெயரும் வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஆலையில், சலவைத் தொட்டியைக் கழுவ இறங்கிய முனீஸ்வரி விஷவாயுவில் செத்துப்போனாள். ஜெபக்குமார் எழுதி வாசித்ததை முதலாளி தனுஷ்கோடி காபி குடித்தபடி கேட்டார்.

“தொட்டி எதுக்குவே? அந்தப் பிள்ளைக்கு முன்னமே இளைப்பு உண்டுல்லா?”

முதலாளியின் பேனாவையே வாங்கி, அங்கேயே திருத்தினார் ஜெபக்குமார். மூச்சுத்திணறல் நோயால் தொழிலாளி மரணம். ஆறு வரி, எழுதியவர் பெயரில்லாமல்.

சுந்தரபாண்டியத்தில் முனீஸ்வரியின் தாய் பிச்சையம்மாள் அந்தச் செய்தித் துண்டைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறாள். ஆங்கிலம் தெரியாது. “அவிய ஒருத்தருதான் எம்மவளப் பத்தி உள்ளத உள்ளபடி எழுதுனாவ” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஜெபக்குமாரைக் கண்டால் கும்பிடுவாள். அன்றைக்கு அவரும் பதிலுக்குக் கும்பிடுவார். மறுநாள் அதே தனுஷ்கோடி வாசலில் நிற்பார்.

இந்த வருடம் நாளிதழுக்குப் பவள விழா. இராஜபாளையம் வட்டாரத்தில் அது வளர்ந்த வரலாற்றை மலருக்கு எழுதித்தரச் சொன்னார்கள். முதல்முறையாக அவர் பெயரும் படமும் வரும். ஆலை வேலைநிறுத்தம், ரயில் பாதை அகலமானது என்றெல்லாம் எழுதிக்கொண்டே போனவர், ஒரு பத்தியில் அந்தத் தொட்டியையும் தன் திருத்தத்தையும் எழுதிவிட்டார்.

“இப்பவாச்சும் எழுதுனீயளே” என்றாள் மனைவி ஹெப்சிபா.

மதுரையிலிருந்து செய்தி ஆசிரியர் விக்னேஷ்வரன் போனில் பேசினார். “சார், கடைசிப் பக்கம் முழுசும் தனுஷ்கோடி விளம்பரம். அந்தப் பத்திய எடுத்துருதேன். சங்கடமா இருந்தா உங்க பேரில்லாம, ‘நமது நிருபர்’னு போட்டுருவோம். கட்டுரையே வேண்டாம்னாலும் சரிதான்.”

“பத்திய எடுத்துருங்க” என்றார் ஜெபக்குமார். “ஆனா பேரு வரணும். இனிஷியலோட. போட்டோவும் போடுங்க.”

போனை வைத்ததும் ஹெப்சிபா ஏன் என்று கேட்டாள். மலர் வந்த அன்றும் கேட்டாள். அவர் கட்டுரையைத் தன் பெயரோடும் படத்தோடும் வெட்டி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.