மண்ணுக்குள் அடை வைத்த முட்டை

நேற்று என் மகள் விரித்த புத்தகத்தில் டைனோசர் முட்டை படம் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளில் அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நானும் அக்காவும் தாமிரபரணிக் கரை மேட்டைத் தோண்டினோம். முழ ஆழத்தில் சிவப்பாக, உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது.

"முட்டைக்கா! உடைச்சுப் பாப்போம்" என்று கல்லை ஓங்கினேன்.

"ஏலே, கல்லக் கீழ போடு! உள்ள இருக்கது செத்துரும்லா!" அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோழிக்கு அடை வைப்பதுபோல் வைக்கோல் பரப்பி, மண்ணால் மூடினோம். தினமும் தரையில் காது வைத்துக் கேட்டோம். குஞ்சு வரவே இல்லை.

அது முட்டையல்ல, பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழி என்று வளர்ந்த பிறகே தெரிந்தது.

"அப்போ உள்ள ஒண்ணும் இல்லியாப்பா?" என்றாள் கதையைக் கேட்ட மகள்.

"ஆள் இருக்காங்கம்மா. முழங்கால மடக்கி இன்னும் உறங்குதாங்க. அன்னைக்கு அத்தை மட்டும் கையப் பிடிக்கலன்னா, நான் எழுப்பிருப்பேன்."