மாப்பிள்ளையின் பவுடர் டப்பாவும் என் சுருக்குப் பையும்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்தில், கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நடந்தது இது. ஒரே மகளுக்குப் பூ வைத்து முடித்து, ஐப்பசியில் முகூர்த்தம் குறித்திருந்தோம். மாப்பிள்ளை அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், பளு தூக்கும் போட்டிகளில் கலந்துகொள்கிறவர். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முல்லைத் தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவளுக்கு அது இல்லாமல் முடியாது. என் வீட்டுக்காரர் சிறுநீரகம் கெட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருடம், வாரத்துக்கு இரண்டு தடவை, டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான், ஆனால் கிரியாட்டினின் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எங்கள் பக்கம் அதை ‘உப்பு’ என்போம்.

அன்று மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இலை போடுவதற்குள் பையிலிருந்து கறுப்பு டப்பா ஒன்றை எடுத்து, வெள்ளைப் பவுடர் ஒரு கரண்டி தண்ணீரில் கலக்கி, என் கண் முன்னாலேயே குடித்தார்.

“என்ன மாப்ள அது?”

“கிரியாட்டின் அத்தை. வெயிட் தூக்குறதுக்கு. ஆறு வருசமா எடுக்குறேன்.”

ஆறு வருடமா! ஜிம் பையன்கள் பவுடர் தின்று கிட்னியைத் தொலைக்கிறார்கள் என்று ஊரே பேசுகிறது. அப்புறம் சாம்பார் ஊற்றினேனா ரசம் ஊற்றினேனா எனக்கே தெரியாது. கை கழுவியதும் கேட்டே விட்டேன், ரத்தப் பரிசோதனை செய்து எனக்கு ரிப்போர்ட் காட்ட முடியுமா என்று. மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் முகம் சுளிக்கவில்லை. மறுநாள் காலையில் பயிற்சி முடித்த கையோடு போய் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை மகளின் போனுக்கு அனுப்பிவிட்டார்.

உப்பு 1.5. பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்ற குறி.

வீட்டுக்காரருக்கும் முதலில் இதே எண்தான் வந்தது. நான் யோசிக்கவே இல்லை. சம்பந்தி அம்மாவுக்குப் போன் போட்டு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் அழுதார். நானும் அழுதேன், ஆனால் அது போனை வைத்த பிறகு.

மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து நின்றாள். “அப்பா மாதிரி ஆயிருமோன்னு பயப்படுற, புரியுதும்மா. ஆனா டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேக்காம நீயே தீர்ப்பு சொல்றியே, இது நல்லாருக்கா?” என்றாள். பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தனியாக வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நானும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவரோ வாசலில் நின்றபடியே, “அத்தை, நீங்க வேணாம்னா வேணாந்தான். ஆனா ஒரு தடவ என்கூட வந்து, டாக்டர் வாயால கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றார். இப்படிப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

மறுநாள் பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போனோம். வழியில் இடுப்பு விண்ணென்று தெறித்தது. தினமும் குனிந்து பூப்பறிக்கிற இடுப்பு. சுருக்குப் பையிலிருந்து வலி மாத்திரை ஒன்றை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர், “டாக்டர் குடுத்ததா அத்தை?” என்று கேட்டார்.

“இதுக்கு எதுக்கு டாக்டர்? மெடிக்கல்ல கேட்டாக் குடுப்பாங்க. ஏழெட்டு வருசமா இதுதான் என்னைய ஓட்டுது” என்றேன் பெருமையாக. அவர் அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிறுநீரக டாக்டர் ஒரு பெண்மணி, பொறுமைசாலி. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். இந்தப் பவுடரில் இருப்பது நம் உடம்பிலேயே ஊறுகிற, கறியிலும் மீனிலும் இருக்கிற சத்துதானாம். அது செலவாகும்போது வருகிற கழிவுதான் நாங்கள் உப்பு என்று சொல்வது. தசை அதிகமாக இருந்தாலோ, பவுடர் எடுத்தாலோ, கடுமையாகப் பயிற்சி செய்துவிட்டு வந்தாலோ அந்த எண் கொஞ்சம் கூடித் தெரியும், அதை மட்டும் வைத்துக் கிட்னி கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது என்றார். ஆரோக்கியமாக இருப்பவர்கள் அளவோடு எடுத்தால், வருடக்கணக்கில் எடுத்தாலும் கிட்னிக்குக் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லையாம். ஆனால் ஏற்கெனவே கிட்னியில் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, கண்ட கடையில் கண்ட டப்பாவை வாங்கவும் கூடாது என்றார். ஒரு மாதம் பவுடரை நிறுத்தச் சொன்னார். கடைசி சில நாள் பயிற்சியும் வேண்டாம், பிறகு ரத்தமும் சிறுநீரும் சேர்த்துப் பார்ப்போம் என்றார்.

எனக்குப் பாதி மனசு ஆறியது. மீதிப் பாதி அந்த ஒரு மாதமும் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

மாதம் முடிந்து லேபில் போய் உட்கார்ந்தால், மாப்பிள்ளை கையை நீட்ட மாட்டேன் என்கிறார். “எனக்கு ஊசின்னாலே பயம் அத்தை” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அடக் கடவுளே! அம்புட்டு வெயிட்டத் தூக்குற ஆளு, இத்துனூண்டு ஊசிக்கா நடுங்குறீங்க?”

“அப்ப நீங்களும் குடுங்க. நீங்க குடுத்தாத்தான் நானும் குடுப்பேன்.”

என்னிடமா சவால்? “இந்தா புடிம்மா” என்று லேப் பெண்ணிடம் என் கையை முதலில் நீட்டினேன்.

சாயங்காலம் டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் வைத்தார். மாப்பிள்ளைக்கு எல்லாம் சரியாக இருந்தது, உப்பு 1.1. நான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். டாக்டர் இன்னொரு ரிப்போர்ட்டைத் தட்டி, “இது யாரோடது?” என்று கேட்டார்.

1.7. என்னுடையது.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் சுருக்குப் பையை மேசை மேல் கவிழ்த்தேன். வெற்றிலை, சில்லறை, வீட்டுச் சாவி, கூடவே வலி மாத்திரை மூன்று அட்டை. டாக்டர் ஓர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, “நீங்க பயப்பட வேண்டியது அந்த டப்பாவுக்கு இல்லம்மா, இதுக்குத்தான்” என்றார். அடுத்தவர் டப்பாவைத் துருவித் துருவிப் பார்த்தவள், என் மடியில் இருந்ததை ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லையே! வெட்கத்தில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தார்.

ஸ்கேன், இன்னும் சில பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். மாத்திரையை அன்றோடு விட்டேன். குறித்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. சம்பந்தி அம்மாவிடம் மணமேடைக்குப் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கன்னத்தில் சந்தனத்தைப் பூசிவிட்டார்.

இடுப்பு வலிக்கு வழி சொன்னதும் மருமகன்தான். கூடையை இடுப்பை வளைத்துத் தூக்கக் கூடாது, முழங்காலை மடக்கிக் குந்தி, கூடையை நெஞ்சோடு அணைத்து, காலால் எழும்ப வேண்டும் என்று தோட்டத்துக்கே வந்து செய்து காட்டினார். பறிக்க வந்த பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இப்போது அவர்களும் அப்படித்தான் தூக்குகிறார்கள். என் உப்பு இறங்கி 1.2-இல் நிற்கிறது. அவர் வந்தால் அந்தப் பவுடரை நானே கலக்கிக் கொடுக்கிறேன்.

வருடா வருடம் புரட்டாசியில் மாமியாரும் மருமகனும் சேர்ந்து போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறோம். போன வருடம் மகள்தான் வாய் தவறி உளறிவிட்டாள், அவர் கல்லூரிக் காலத்திலிருந்தே முகாம் தவறாமல் ரத்ததானம் செய்கிறவராம். பஸ்ஸில் என் மாத்திரையைப் பார்த்த அன்றே முடிவு செய்திருக்கிறார், நேரில் சொன்னால் இந்தப் பொம்பளை கேட்க மாட்டாள் என்று. எனக்குத் தெரியும் என்பது இன்னும் அவருக்குத் தெரியாது. இந்த வருடமும் ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். “பயப்படாதீங்க மாப்ள, நான் இருக்கேன்ல” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வாய்க்குப் பயந்து அவர் போட்ட அந்த வேஷத்தால்தான் இன்றைக்கும் நான் என் முல்லைத் தோட்டத்தில் நிற்கிறேன்.