நிறஞ்சலா பேசிய ஒரே வசனம்

பத்து வருடத்தில் பதினொரு படம் நடித்தும் நிறஞ்சலாவுக்கு ஒரு வசனம் வாய்க்கவில்லை. தோட்டவெளி என்ற கடற்கரை ஊரில் கருவாடு காயப்போடும் வேலைக்குப் போகிறவள் அவள். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கமராவோடு வருகிறவர்களுக்குத் துயரமான முகம் ஒன்று தேவை. முதல் முறை அவர்கள் வந்தபோது அவளுக்குக் கடைவாய்ப்பல் வலி. அந்த முகம் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. பல்லைப் பிடுங்கிய பிறகும் அவளை விடவில்லை.

வாய் திறக்காதவரை அவள் நல்ல நடிகை. நான்கு வயதில் இந்தியாவுக்குப் படகேறிப்போய், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணமும் கட்டித் திரும்பியவள். ஆள் திரும்பினாள், பேச்சு அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, நீங்கள் கதைச்சா இந்தியாக்காரி மாதிரிக் கிடக்கு. சனம் நம்பாது. சும்மா கடலைப் பாருங்கோ" என்பார்கள். பார்த்தாள். கடலுக்கும் அலுத்திருக்கும்.

கணவன் அருள்நேசனின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்ட அந்தப் படங்களில் அவன் நான்கு முறை காணாமற்போனான். மூன்று முறை கடலில் மூழ்கினான். மற்ற நாட்களில் முருங்கனில் அரிசி ஆலையொன்றில் மூட்டை தூக்கினான். மாதத்தில் இரண்டு ஞாயிறு வீட்டுக்கு வருவான். வந்தால் நித்திரை. ஊரில் பலர் அவனைக் கண்டதேயில்லை.

பன்னிரண்டாவது படத்தை எடுக்க வந்த கோகுலனிடம் அவள் கேட்டுவிட்டாள்.

"எனக்கு ஒரு வரி குடு தம்பி. நாக்கு இருக்கான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"பாப்பம் அக்கா."

பாப்பம் என்றால் இல்லை என்பதை அவள் இங்கே வந்து கற்றிருந்தாள்.

நவம்பர் இரண்டாம் திகதி, மாதா கோயிலில் இறந்தவர்களுக்கான பூசை. கோயிலுக்கு உதவும் லூர்தம்மா வீடு வீடாகப் போய்ப் பெயர்களைச் சேர்த்து, தனக்குத் தெரிந்ததையும் எழுதிக் கொடுப்பார், ஃபாதர் வாசிப்பார். கோகுலன் நிறஞ்சலாவை மெழுகுதிரியோடு முன்வரிசை வாங்கில் இருத்தி, கமராவை ஓடவிட்டான். பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன. அவளுக்குக் கண் சொருகியது.

"அருள்நேசன்" என்றார் ஃபாதர்.

நிறஞ்சலா எழுந்தாள்.

"ஃபாதர், அவரு உசுரோடதான் இருக்காரு. முருங்கன்ல மூட்டை தூக்குறாரு. கடல்ல ஒரு தடவகூட விழல. பேரை அடிங்க ஃபாதர்."

கோயில் முழுக்கத் திரும்பியது. லூர்தம்மாவுக்கு மனத்தாங்கல். "படத்திலை நானே கண்டனான் பிள்ளை, வள்ளம் கவிண்டதை."

ஃபாதர் பேனையை எடுத்து அருள்நேசனை உயிர்ப்பித்தார்.

வெளியே வந்ததும் கோகுலன் ஓடி வந்தான். "அக்கா, இதுதான் படம். வேறை ஒண்டும் தேவையில்லை."

"சத்தத்தோடயா?"

"ஓம் அக்கா."

நான்கு மாதம் கழித்து, எங்கேயோ வெளிநாட்டில் பரிசு வாங்கிய அந்தப் படத்தைக் கோயில் மண்டபத்தில் போட்டார்கள். லீவு எடுத்துக்கொண்டு அருள்நேசனும் வந்திருந்தான். திரையில் நிறஞ்சலா எழுந்தாள். உதடு அசைந்தது. மெழுகுதிரி நடுங்கியது. வயலின் ஒலித்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

கோகுலன் குனிந்தபடி வந்து அவள் காதருகே சொன்னான்: "கோவிக்காதேங்கோ அக்கா. சத்தத்தை எடுத்தாப் பிறகுதான் சோகம் வந்தது."

மண்டபம் விசும்பியது. அருள்நேசன் அவள் தோளில் சாய்ந்து நித்திரையாகியிருந்தான். அவள் திரையில் தன் உதட்டைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள்: "ஃபாதர், அவரு உசுரோடதான் இருக்காரு..."

முன்வரிசையிலிருந்து லூர்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "கதையாதை பிள்ளை. படம் பாக்க விடு."

நிறஞ்சலா குரலைத் தாழ்த்தினாள், நிறுத்தவில்லை. மூட்டை, கடல் என்று திரை உதட்டோடு தன் உதட்டைப் பொருத்திச் சொல்லி முடித்தபோது, திரையில் அவள் மறுபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.