அத்தை இறக்கிய சுருதி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். சங்கீதமும் படித்ததில்லை. சம்பந்தப்பட்டவர்கள் இருக்கும்போது எழுதினால் பழைய வயல் சண்டையைக் கிளறியதாகுமே என்ற பயம் வேறு. இப்போது அவர்கள் எல்லாரும் ஆண்டவரிடம் போய்விட்டார்கள். ஊரிலோ கதைக்குக் கை கால் முளைத்துவிட்டது. அந்தப் பெரிய வெள்ளியன்று மாதாவே இறங்கிவந்து பாடினாள் என்கிறார்கள். மாமா கோவிலிலேயே அழுது மனுவைக் கிழித்துப்போட்டார் என்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். அப்பாவின் தங்கையான என் அத்தையை அம்மாவின் அண்ணன் கட்டியிருந்தார். அத்தைக்கு அம்மா அண்ணன் மனைவி; அம்மாவுக்கும் அத்தை அண்ணன் மனைவி. ஆகவே ஒருவரையொருவர் ‘அண்ணி’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே மாமாவுக்கு இருந்த நிலத்தை அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்தார்.

திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. குத்தகைக்கு உழுகிறவர் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. கிழக்கே ஊருக்கு ஊர் கூலித் தகராறு, செங்கொடி, போலீஸ் வேன். குத்தகைக்காரர்களை வயலைவிட்டு வெளியேற்றுகிறார்கள் என்ற பேச்சைக் கேட்டு அப்பா பயந்துவிட்டார். மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தாலுகா ஆபீசில் பெயரைப் பதிந்துவிட்டார்.

மாமா எங்கள் வாசலுக்கு நேரே நின்று, “எல்லா ஊர்லயும் வெளியாளு வந்து கொடி நடுறான். என் வயல்ல என் மச்சானே நட்டுட்டாரு” என்றார். ஆட்சேபணை மனுவும் போட்டார். சம்பா அறுவடையோடு பேச்சு நின்றது. அம்மாவுக்கு அதுதான் தாய்வீடு. அம்மாவும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க மிஞ்சிய ஒரே இடம் கோவிலில் பாடகர் வரிசை.

பெரிய வெள்ளிக்கென்று எங்கள் பங்குக் கோவிலில் ஒரு லத்தீன் பாட்டு உண்டு. சிலுவையடியில் நிற்கும் தாயைப் பற்றியது. இத்தாலியில் யாரோ இருநூறு வருஷத்துக்கு முன்பே இசையமைத்தது என்று பங்குச் சாமியார் சொல்லுவார். இரண்டே குரல். அத்தையின் கீழ்க்குரல் தொடங்கி ஒரு ஸ்வரத்தில் நிற்கும். அம்மாவின் மேல்குரல் அதை ஒட்டினாற்போல் வந்து உரசும். கேட்கவே பல் கூசும். பிறகு ஒரு குரல் ஒரு படி இறங்கிக் கொடுக்கும். அப்பாடா என்று இருக்கும். உடனே மறுபடி உரசல். பாட்டு முழுக்க இப்படித்தான்.

பெரிய வெள்ளிக்கு முந்திய அந்தத் தவக்காலத்தில், ஒத்திகையின்போது இருவரும் ஒருவருக்கொருவர் காத்திருக்க மனமில்லாமல் பாட்டை ஓட்டினார்கள்.

சாமியார் ஆர்மோனியத்தை நிறுத்தினார். “எந்த பஸ்ஸப் புடிக்கணும் ரெண்டு பேருக்கும்? சிலுவையடியில நிக்கிற தாய்க்கு என்னம்மா அவசரம்? ஒப்பாரியும் வேணாம். அழுது ஓஞ்சவ பாடுறாப்புல இருக்கணும்.”

மெதுவாகப் பாடினார்கள். வழக்கமான நாலு கட்டை சுருதியில் மேலே நீண்டு நிற்க வேண்டிய இடத்தில் அம்மாவுக்கு மூச்சு அறுந்தது. மறுபடி பாடியும் அதே இடத்தில் அறுந்தது. அத்தை திரும்பி அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். ஏளனமாகப் பார்க்கிறார் என்று, அம்மாவோடு போயிருந்த சின்னப் பெண்ணான எனக்குக் கோபம் வந்தது.

“இந்த வருஷம் விட்டுடலாமா?” என்றார் சாமியார்.

“பாடிடலாம் சாமி” என்றார் அத்தை, அவரைப் பார்த்தே.

வீட்டில் அப்பா, “பாடாட்டி என்ன? அந்த வீட்டாளு மூஞ்சில முழிக்காம இருக்கலாம்” என்றார்.

“அந்தப் பாட்டும் போயிட்டா எனக்கு அங்க வேற என்னங்க இருக்கு?” என்றார் அம்மா. அப்பா துண்டை உதறிக்கொண்டு உளுந்து வயலுக்குப் போய்விட்டார்.

பெரிய வியாழன் பூசையில் மணி அடித்து ஓய்ந்தால் அப்புறம் ஈஸ்டர்வரை மணி கிடையாது, ஆர்மோனியமும் கிடையாது. ஆகவே வெள்ளிக்கிழமைப் பாட்டுக்குச் சுருதி, முதலில் எடுக்கும் அத்தையின் தொண்டையில்தான் இருந்தது. ஆண்கள் பக்கத்தில் அப்பா இந்தத் தூணோரம், மாமா அந்தத் தூணோரம். அத்தை எடுத்தார். கோவிலில் ஒரு சலசலப்பு. அவ்வளவு கீழே எடுத்திருந்தார். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரத்தது. அடியில் சில இடங்களில் வெறும் காற்றுதான். எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அம்மாவின் குரல் மேலே சிரமமில்லாமல் நின்றது. பாட்டு அவசரப்படவில்லை. அம்மா மூச்சு வாங்கும்போதெல்லாம் அத்தையின் குரல் கூடக் கொஞ்சம் நின்று, அம்மா வந்து சேர்ந்த பிறகே இறங்கியது.

வெளியே வந்ததும், “அத்தைக்குச் சுருதியே புடிக்கத் தெரியலம்மா. நாமதான் ஜெயிச்சோம்” என்றேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கோவில் வாசலில் நோன்புக் கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. நோன்பு இருக்கிறவர்கள் அந்தி ஜெபம் முடித்துத்தான் வாய் வைப்பார்கள். அத்தை யாரையும் கேட்காமல் ஒரு குவளையில் மொண்டு, ஊறுகாய் மாங்காயை வைத்து, அம்மாவிடம் கொண்டுவந்து நீட்டினார்.

“குடிங்க அண்ணி. உங்களுக்கு இந்த வருஷம் நோன்பு கிடையாது.”

“யாரு சொன்னா உங்களுக்கு?”

“யாரு சொல்லணும்? பக்கத்துலதான நிக்கிறேன்.”

அம்மா நின்ற இடத்திலேயே குடித்தார். ஊரே நோன்பு இருக்க அம்மாவுக்கு மட்டும் என்ன சலுகை என்று எனக்குப் புரியவில்லை.

தம்பி ஐப்பசி மழையில் மாமா வீட்டில் பிறந்தான். அம்மாவை அழைத்துப்போக மாமாவே வண்டி கட்டி வந்தார். அப்பாவோடு பேசவில்லை. வழக்கும் நிற்கவில்லை, தாலுகா ஆபீசில் இருவரும் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து வந்தார்கள். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிய வெகுகாலம் பிடித்தது. பாட்டு மட்டும் அதற்குப் பிறகு நாலு கட்டைக்கு ஏறவே இல்லை.

அம்மா அப்போது உண்டாகியிருந்தது அப்பாவுக்கே சரியாகத் தெரியாது. பேச்சே இல்லாதிருந்த அத்தை அதை மூச்சில் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஊர் சிரிக்கத் தன் குரலைக் குழியில் இறக்கி அம்மாவை மேலே நிறுத்தினார். சுருதி தப்பியது என்று நான் நினைத்தது அதைத்தான். என் பிள்ளைப்பேற்றின்போது மூச்சு முட்டிய ஒரு நாளில்தான் அது எனக்கு விளங்கியது.

மாதா இறங்கி வரவில்லை. அத்தைக்குள் அந்த எண்ணத்தைப் போட்டவள் அவள்தான் என்று நான் நம்புகிறேன், அது போதும். இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள். நடந்ததற்கு மேல் ஒரு கட்டைகூட ஏற்றாமல், மெதுவாகச் சொல்லுங்கள்.