அன்ரெனாவின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி

2012ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அக்காவின் வலது கண்ணிலிருந்த புரையை எடுத்துவிட்டு ஒரு செயற்கை வில்லையை வைத்தார்கள். முப்பது வயது கடந்தவுடனே புரையா என்று கேட்காத ஆளில்லை. சின்ன வயதில் கண்ணில் பட்ட அடியின் மிச்சம் என்றார் டொக்டர். புது வில்லை தூரத்தை அபாரமாகக் காட்டியது. கிட்ட இருப்பவை மட்டும் அதற்குப் புகையாகத் தெரிந்தன.

கணக்காளரான அக்காவுக்குக் கிட்டப் பார்க்கக் கண்ணாடி போதும். சிக்கல் சனிக்கிழமைகளில்தான் வந்தது. அவள் ஒரு கைத்துவக்குக் கழகத்தில் பிஸ்டலால் இலக்குச் சுடுகிறவள். நாங்கள் குடியிருக்கும் டூங்கபியில் எங்கள் ஆட்கள் இதைக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். சண்டைக்காலத்தில் ஊரின் வடக்கிலிருந்து வந்த அம்மா துவக்கு என்ற சொல்லை வீட்டில் எடுப்பதேயில்லை. "அவளின்ர சனிக்கிழமை அலுவல்" என்று மட்டும் சொல்லுவா.

பிஸ்டலின் பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு முள். சுடுகிறவர் இரண்டையும் இலக்கோடு ஒரே கோட்டில் நிறுத்தவேண்டும். கண் அந்த முள்ளைக் கூர்மையாகப் பார்க்கவேண்டும். முள் இருப்பதோ நீட்டிய கையின் முடிவில். அக்காவின் புதுக் கண்ணுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணாடி போட்டால் இலக்கு மங்கியது. இடது கண்ணால் முயன்று பார்த்தாள், கை ஒத்துவரவில்லை. மிச்சமிருந்த வழி ரெட் டொட். துவக்கின் மேல் பூட்டும் சின்னக் கண்ணாடி அது. அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், புள்ளியை இலக்கில் வைத்துச் சுட்டால் போதும்.

இன்னொன்றையும் டொக்டர் சொல்லியிருந்தார். சிலருக்கு வில்லைக்குப் பின்னாலுள்ள மெல்லிய தோல் மறுபடி மங்கலாமாம். அக்கா அதைப் பற்றி ஒருமுறைதான் பேசினாள். "இதுவும் சரிவராட்டில், அல்லது கண் திரும்ப மங்கினால், லைசன்சைக் குடுத்துப்போட்டு வந்திடுவன். இன்னொருக்கா ஆசைப்பட என்னால ஏலாது."

தெரிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. ஆஸ்பத்திரிக் கருவிகளை ஆட்டியும் சூடேற்றியும் விழுத்தியும் அவை எப்போது பழுதாகும் என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரு பட்டியல் வரும். இதற்கும் வந்தது: வெடிக்கும்போது வரும் பின்னுதையைத் தாங்குமா, பற்றரி எவ்வளவு காலம் நிற்கும், வெயிலில் புள்ளி தெரியுமா, ஒருமுறை சரிபார்த்த குறி அசையாமல் இருக்குமா.

வாசிக்கக் கிடைத்ததெல்லாம் அமெரிக்கர்கள் எழுதியது. அவர்கள் உடுப்புக்குள் துவக்கை வைத்துக்கொண்டு நாள் முழுதும் திரிகிறவர்கள். ஆகவே வியர்வை, மழை, சட்டைப் பஞ்சு என்றே கவலைப்பட்டார்கள். திறந்த வகைக் கருவியில் வெளிச்சம் தரும் சின்ன எல்.இ.டி. வெளியே தெரியும்படி இருக்கிறது. அதன்மேல் ஒரு பஞ்சு விழுந்தாலே புள்ளி கெட்டுப்போகும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். இந்த நாட்டில் யாரும் அப்படிக் கொண்டுதிரியச் சட்டம் விடாது. இரும்புப் பெட்டியிலிருந்து பூட்டிய பெட்டிக்கு, அங்கிருந்து சுடுதளத்துக்கு, அவ்வளவுதான் அதன் பயணம். ஆகவே தூசி என்ற வரியை வெட்டிவிட்டேன். குழாய் போல மூடிய வகை பாரம் கூட. திறந்த வகையிலேயே நல்லதொன்றை வாங்கினோம்.

மேலாளரிடம் கேட்டு அதை எங்கள் வேலையிடத்து அதிர்வு மேசையில் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு வீட்டின் பின்முற்றத்தில் ஒரு மேசையில் இறுக்கிப் பூட்டி, பின்வீட்டுக் கூரையிலிருந்த ரீவி அன்ரெனாவின் நுனிக்குப் புள்ளியைக் கொண்டுவந்தேன். தலையை இடப்பக்கம் நகர்த்தினேன். புள்ளி கண்ணாடியின் ஓரத்துக்குப் போனது, ஆனால் அன்ரெனாவின் நுனியை விடவில்லை. வலப்பக்கம், மேல், கீழ், எங்கே போனாலும் அது அங்கேயே நின்றது. ஏனென்று எனக்குத் தெரியும். வளைந்த கண்ணாடியில் பட்டு வரும் கதிர்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக வருகின்றன, அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் இதற்குப் பரீட்சையே எழுதியிருக்கிறேன். ஆனாலும் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அந்த மேசையைச் சுற்றித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா உடுப்புக் காயப்போட வந்தவ, பார்த்துவிட்டுக் கூடையைக் கீழே வைத்தா.

"அந்தச் சனத்தின்ர வீட்டில அடிக்குதே அந்த லைற்? பொலிஸ் வரப்போகுது."

இங்கிருந்து ஒரு துளி வெளிச்சமும் அங்கே போவதில்லை, அங்கே போய் நின்றாலும் ஒன்றும் தெரியாது என்றேன். நம்பாமல் குனிந்து பார்த்தா. நெடுநேரம் பார்த்தா.

"அங்க இல்லையெண்டால், புள்ளி எங்க இருக்கு?"

 முடிவில்லாத தூரத்தில் இருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும் என்றேன்.

"முடிவில்லாத தூரத்தில," என்று அம்மா திரும்பச் சொன்னா. கூடையை எடுத்துக்கொண்டு போகும்போதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தா.

அன்று பின்னேரம் அக்கா வந்து பார்த்தாள். மூச்சை இழுத்து, விடாமல் நின்றாள். "வட்டமா இருக்கு," என்றாள் மெதுவாக. "சரியான வட்டம்." தூரத்துக்கென்று செய்த அவளுடைய வில்லைக்கு, முடிவில்லாத தூரத்திலிருந்து வரும் புள்ளியைவிடப் பொருத்தமானது வேறில்லை.

அந்தக் கிழமை நவராத்திரி முடிந்து சரஸ்வதி பூசை. என் மடிக்கணினி, அக்காவின் கல்குலேட்டர் என்று எல்லாம் படத்தின் முன்னால் ஏறின. விடிய அவற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை சுடுதளத்துக்கு நானும் போனேன். அக்கா ரெட் டொட்டைப் பிஸ்டலின் மேல் பூட்டி, தன் முறை வந்ததும் கையை நீட்டினாள். விசையை அழுத்தவில்லை. கையை இறக்கினாள். மறுபடி நீட்டினாள். பிறகு தோட்டாக்களைக் கழற்றி, பிஸ்டலைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மங்கிப்போச்சு."

எதுவென்று கேட்டேன்.

"கண்தான். புள்ளிக்கு வால் முளைச்சிருக்கு. ரெண்டு மூண்டாப் பிரிஞ்சு கிடக்கு. டொக்டர் சொன்னதுதான்." வெயிலைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாள். காதுக்காப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். அவள் அப்படி ஒழுங்காக அடுக்கத் தொடங்கினால் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

சுடுதளத்துக்குப் பொறுப்பாயிருந்த வயதான வெள்ளைக்காரரிடம் போய், துவக்கைத் தொடாமல் கண்ணாடியை மட்டும் பார்க்கலாமா என்று கேட்டேன். அது வெறுமையா என்று தானே பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நான் என் கண்ணை நம்பவில்லை. எங்கள் குடும்பத்துக் கண்கள்தானே. போனின் கமராவைக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்து ஒரு படம் எடுத்தேன்.

படத்திலும் புள்ளிக்கு வால் இருந்தது.

கமராவுக்குப் புரை இல்லை, மங்குவதற்குத் தோலும் இல்லை. குனிந்து உள்ளே பார்த்தேன். எல்.இ.டி.யின் மேல் வெள்ளையாக ஏதோ தூள். கண்ணாடியின் மேல் விளிம்பில் மூன்று மெல்லிய கோடுகள்.

"அக்கா, இதையும் பூசையில வைச்சதே?"

"நான் வைக்கேல்ல." அவள் பையின் ஸிப்பைப் பாதியில் நிறுத்தினாள். "அம்மா."

துவக்கைச் சாமியறை வாசலுக்கே அண்டவிடாத அம்மா, கண்ணாடியை மட்டும் துவக்கில்லை என்று தீர்மானித்து, திருநீறு பூசித் திருப்பி வைத்திருக்கிறா. இலக்குக்கு அல்ல, மகளின் கண்ணுக்கு. அமெரிக்கர் ஒருவரும் எழுதாத தூசி அது.

லென்ஸ் துடைக்கும் தூரிகை என் பைக்குள் எப்போதும் இருக்கும். மெல்லத் தட்டினேன். தூள் பறந்தது. புள்ளி உருண்டு திரண்டு நின்றது. நான் விலகி நின்றேன்.

காதுக்காப்பை மறுபடி மாட்டிய அக்கா கையை நீட்டிப் பிடித்தபடி நின்ற நேரம் மிக நீளமாக இருந்தது. பொறுப்பாளர் கூட என்னைப் பார்த்தார். பிறகு முதல் வெடி. அடுத்தடுத்த வெடிகளுக்கு இடையில் அவள் முகம் சிறு பிள்ளையின் முகம்போல ஆகிக்கொண்டு வந்தது. கடதாசி இலக்கைக் கொண்டுவந்தபோது துளைகள் நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. குறியைத் திருத்தினால் போதும் என்றார் பொறுப்பாளர். அக்கா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் அதைக் கொடுத்து, பாரமானாலும் மூடிய வகையொன்றை மாற்றி எடுத்தேன். எங்கள் வீட்டுக்கு அதுதான் சரி. அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை சுடுதளத்திலிருந்து திரும்பி வரும்போது அக்காதான் கார் ஓட்டினாள். நெடுஞ்சாலையில் ஏறியதும் இடது கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். பிறகு தூரத்தில் தெரிந்த பலகைகளை எழுத்துக் கூட்டாமல், ஒவ்வொன்றாக, வாய்விட்டு வாசித்தாள். எனக்கு அவை இன்னும் பச்சைப் பெட்டிகளாகத்தான் தெரிந்தன. கிட்ட வந்த பிறகு பார்த்தேன். எல்லாம் சரி.