பெத்துராஜின் பட்டாளத்து இரும்பு

போல்ட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பில் சுற்றியிருக்கும் சணல் கயிற்றை அவிழ்க்கிறார் பெத்துராஜ். லாரி சேசிஸில் உள்ள இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே அதை விறைப்பாக இழுத்துப் பிடித்து இரண்டு முடிச்சுப் போடுகிறார். நகத்தால் முடிச்சை இறுக்கிவிட்டுக் கயிற்றை மறுபடி இடுப்பிலேயே சுற்றிக்கொள்கிறார். அளவெடுத்தாகிவிட்டது. எண்ணும் கிடையாது, எழுத்தும் கிடையாது.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஹௌராவில் வந்து இறங்கியபோது அவருக்கு வங்காள மொழியில் ஒரு சொல் தெரியாது. கடையில் கயிற்றை நீட்டினால் போதும், சாமான் கைக்கு வரும். அப்போது பிடித்த பழக்கம். மனைவி கல்யாணிக்கு வளையல், ஜன்னலுக்குக் கண்ணாடி, பேரனுக்குச் செருப்பு எல்லாம் கயிற்று அளவில் வந்தவைதான். கல்யாணி வாங்கிக் கொடுத்த இரும்பு டேப் அவளுடைய தையல் டப்பாவிலேயே தூங்குகிறது. கேட்டால், "டேப்பு நம்பர் சொல்லும். கடைக்காரன் இஞ்சும்பான், நான் சென்டிமீட்டரும்பேன், சண்டை வரும். கயிறு வாயே தெறக்காது," என்பார்.

அவருடைய டாட்டா லாரி பாலிகஞ்ச் ரயில் பாதையோரம் நிற்கும். மகளைவிட வயதில் மூத்தது. கூட்ஸ் யார்டிலிருந்து லேக் மார்க்கெட் கடைகளுக்கு மிளகாய், புளி, காப்பிக்கொட்டை எல்லாம் அதில்தான் வரும். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று நின்று, பம்பரைச் சேசிஸோடு பிடித்து நிறுத்தும் இரண்டு பிராக்கெட்டும் துருவேறி உதிர்ந்துவிட்டன. பம்பர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு வந்தது.

இது நடந்தது தொண்ணூற்றெட்டு ஜூலையில். அடுத்த வெள்ளிக்கிழமை, லாரி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று சர்க்கார் ஆபீசர் ஃபிட்னஸ் பார்க்கும் நாள். "இந்தத் தடவ பெயிலானா வண்டிய உடைக்கக் குடுத்திரணும். மாப்பிள்ள முன்னால சொல்லுங்க," என்று கல்யாணி கேட்க, மருமகன் ஜெயக்குமார் முன்னால் பெத்துராஜும் தலையாட்டிவிட்டார். தலையாட்டிவிட்டால் அவர் மாறமாட்டார். அது அவளுக்கும் தெரியும்.

அந்தப் பழைய மாடலுக்குக் கடையில் கிடைத்த புது பிராக்கெட்டுகளை விரலால் சுண்டிப் பார்த்தார். "அப்பளம்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பானாகர் ரயில் ஏறினார். பட்டாளம் கழித்துவிட்ட லாரிகளை ஏலம் எடுத்து, உடைத்து, ரோட்டோரம் குவித்து விற்கும் ஊர் அது. அன்று கொட்டிய மழையில் சேற்றுக்குள் குவியல் குவியலாக ஏறி இறங்கி, சொட்டச் சொட்ட நனைந்த கயிற்றை வைத்து வைத்துப் பார்த்தார். பச்சை பெயின்ட் உரியாத ஒரு ஜோடி, முடிச்சுக்கு முடிச்சு அச்சாகப் பொருந்தியது. சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை வானம் வெளுத்திருந்தது. மேல் ஓட்டைகளில் போல்ட் விறுவிறுவென்று இறங்கியது. கீழ் ஓட்டைகளில் இறங்கவில்லை. அரை விரற்கடை தள்ளி நின்றது. காய்ந்திருந்த கயிற்றை எடுத்துச் சேசிஸில் வைத்தார், சரியாக இருந்தது. பிராக்கெட்டில் வைத்தார், முடிச்சு ஓட்டையைத் தாண்டி நின்றது. கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் அதை வாளித் தண்ணீரில் அமுக்கிவைத்து, ஒரு பீடி தீரும்வரை காத்திருந்து எடுத்து, மறுபடி பிராக்கெட்டில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

துணி உலர்த்திக்கொண்டிருந்த கல்யாணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்ன, கயிறு வாயத் தெறந்திருச்சா?"

"சணலு நனைஞ்சா சுருங்கும்னு இந்த ஊர்ல பச்சப்புள்ளைக்கும் தெரியும்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"பச்சப்புள்ள டேப்பு வச்சு அளந்திருக்கும்."

அவர் டூல் பெட்டியிலிருந்து உருண்டை அரத்தை எடுத்து, பிராக்கெட்டின் கீழ் ஓட்டையை ராவி நீட்டத் தொடங்கினார்.

பக்கத்து வெல்டிங் பட்டறை நிமாயிக்கு இது பொறுக்கவில்லை. "ராஜுதா, துமி பாகல்," என்று தலையில் அடித்துக்கொண்டான். காஸ் கட்டரைக் கொண்டுவந்தால் சேசிஸில் புது ஓட்டை போட இரண்டே நிமிஷம். இந்த இரும்பை அரத்தால் ராவுகிறவனைப் பைத்தியம் என்று சொல்லாமல் என்ன சொல்வது? பெத்துராஜ் இப்போது வங்காளம் நன்றாகத்தான் பேசுவார். ஆனால் லாரி விஷயம் என்றால் தமிழ்தான் வரும். "ஏ நிமாயி, சேசிஸ்தான் வண்டிக்கு முதுகு. முதுகுல சூடு போடப்படாது. பிராக்கெட்டுலயும் நெருப்பு பட்டா அதுவும் அப்பளம். போ, போய் ஒன் வேலையப் பாரு." நிமாயிக்குப் புரிந்தது 'போ' மட்டும்தான். அவன் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

நீட்ட வேண்டியது நான்கு ஓட்டைகள். விரல் தடிமன் இரும்பு. ஒரு ஓட்டைக்கு முக்கால் நாள் பிடித்தது. அரம் ராவும்போது அவருக்கு ஒரு பேச்சு உண்டு, இரும்போடுதான் பேசுவார். "வா... வாடே... பட்டாளத்துல இருந்தேன்னு வீராப்புக் காட்டாத. நானும் பாத்துக்கிட்டுதான இருக்கேன்." இடையில் டீ வந்தால் மண் குவளையை வலது கையால் தொடமாட்டார், கையில் பிடித்த லயம் விட்டுப் போகுமாம். கொப்புளம் உடைந்த இடத்தில் கல்யாணியின் பழைய ரவிக்கைத் துணியைச் சுற்றிக்கொண்டார். அதை அவளே கிழித்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை லேக் மார்க்கெட் மளிகைக்கடை சுந்தரராஜன், சரக்கு எப்போது வரும் என்று கேட்க நேரிலேயே வந்துவிட்டார்.

"என்னய்யா பெத்துராஜ், லாரிக்கு மிலிட்டரி மீசை வைக்கிறீராமே. நேக்குப் புளி வருமா, பீரங்கி வருமா?"

"வெள்ளிக்கெழம சாயங்காலம் புளி வரும் சாமி."

"ஃபிட்னஸ் கிடைக்கலேன்னா?"

"வெள்ளிக்கெழம சாயங்காலம்," என்றார் பெத்துராஜ். அரம் நிற்கவில்லை.

நீண்ட ஓட்டையில் போல்ட் நகர்ந்துவிடக் கூடாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். உதிர்ந்த பழைய பிராக்கெட்டில் துரு தின்னாத பாகத்தை அறுத்து, கனமான வாஷர்கள் செய்தார். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் எட்டு போல்ட்டும் இறங்கின. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டு முடுக்கினார். நிமாயி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, கேட்காமலே, குழாயின் மறுமுனையைப் பிடித்தான்.

வெள்ளிக்கிழமை ஃபிட்னஸ் மைதானத்தில் நீள வரிசை. கல்யாணியும் கூட வந்திருந்தாள். பெயிலானால் பழைய இரும்புக்காரரை அங்கேயே வரச்சொல்லிவிடலாம் என்று ஒரு போன் நம்பரை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். பெத்துராஜ் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வரிசை நகரும்போதெல்லாம் இறங்கி, பம்பரைத் துடைத்துவிட்டு ஏறினார்.

ஆபீசர் சின்ன வயதுக்காரர். பிரேக்கை அழுத்தச் சொன்னார், விளக்குப் போடச் சொன்னார், டயரை உதைத்துப் பார்த்தார், ஹார்ன் கேட்டார், சேசிஸ் நம்பரைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பம்பரைத் தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தார், நேராக இருந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, காகிதத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த லாரிக்குப் போய்விட்டார்.

கல்யாணி கேபினிலிருந்து கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பாஸுதான. ஏறுங்க, கடைக்காரரு காத்திருப்பாரு."

பெத்துராஜ் ஏறவில்லை. ஆபீசரின் முதுகைப் பார்த்து, "ஸார், பம்பர்?" என்றார். அவர் திரும்பாமலே, ஆயிற்று ஆயிற்று, போ என்று கையை அசைத்தார்.

பெத்துராஜ் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்பர்மேல் ஏறினார். இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தார். லாரியின் முகம் தாழ்ந்து எழுந்தது. பம்பர் ஒரு சத்தமும் போடவில்லை. மறுபடி குதித்தார். வரிசையில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். "எறங்குங்க, எல்லாரும் பாக்கிறாக," என்றாள் கல்யாணி, கேபினுக்குள் குலுங்கியபடியே.

ஆபீசர் திரும்பிப் பார்க்கும்வரை அவர் குதித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் குதிப்பதை நிறுத்தி, துணி சுற்றிய கையைத் தாழ்த்தி, கீழே பிராக்கெட்டைக் காட்டினார்.